கேட்காத காசும் முதல் தேங்காயும்

என் தங்கை ஜெபமலருக்குக் கல்யாணமாகி நாலாம் மாதம் அவள் வீட்டில் கரண்டு போயிற்று. காரக்கோணம் பக்கம் கரண்டு போவது அதிசயமில்லை, வானம் இருண்டாலே போகும். அன்றைக்கு நல்ல வெயில். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடுகிற சத்தமும் கேட்டது. மலர் வெளியே வந்து மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஃபியூஸ் இருந்த இடம் பொக்கையாக இருந்தது.

"பில்லு நீங்க கெட்டலியா?" என்றாள்.

"நீ கெட்டுவேன்னு அல்லவா நான் நினைச்சேன்" என்றான் ஜிஜின், அவளுடைய கெட்டியோன்.

அதே வாரம் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஆளுக்கொரு மூட்டை அரிசி வாங்கி வந்திருந்தார்கள். ஆக, அரிசி இரண்டு மூட்டை, வெளிச்சம் பூஜ்யம். இதையெல்லாம் மலர் எனக்கு வீடியோ காலில் சொன்னாள். சொல்லும்போதே சிரித்தாள். பின்னால் ஜிஜினும் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். தோஹாவில் இருந்த எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பில் கட்ட மறந்தவர்கள் நாளைக்கு வேறு எதையெல்லாம் மறப்பார்களோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அப்படித்தான் அந்த வாட்ஸப் குழு உண்டாயிற்று. பெயர், 'வீட்டுச் செலவு'. உறுப்பினர்கள் மூன்று பேர்: மலர், ஜிஜின், நான். செலவு செய்தவர் செய்த உடனே அதில் சொல்லிவிட வேண்டும். மலருக்கு டைப் செய்யப் பொறுமை கிடையாது, வாய்ஸ் மெசேஜ்தான். தையல் மெஷின் பின்னணியில் கடகடக்க, "நூலு அறுவது ரூவா, ஊக்கு பத்து ரூவா, மீன் நூறு, மீன்காரி கூட வழக்கு போட்டது இலவசம்" என்று வரும். ஜிஜின் மலையாளத்தில் எழுதுவான். நான் தமிழில் பதில் போடுவேன். குளத்தூரில் அஞ்சாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளிக்கூடம், அதற்குப் பிறகு மலையாளப் பள்ளிக்கூடம் என்று படித்தவன் நான். இரண்டு வாத்தியார்களிடம் வாங்கிய அடியும் இந்தக் குழுவில்தான் பலன் தருகிறது.

என்னைச் சேர்க்கும்போதே மலர் கண்டிஷன் போட்டுவிட்டாள்.

"அண்ணன் பாத்தா போதும். ஆடிட்டர் ஆக்கும். காசு கீசு அனுப்பினா அந்த நிமிஷமே குரூப்பில இருந்து எடுத்துக் களைவேன்."

"அவசரத்துக்குக் கூடவா மக்கா?"

"அவசரத்துக்குத்தான் வேண்டாம். எங்களுக்கு மாசத்தில ரெண்டு அவசரம் உண்டு."

இந்தப் பிடிவாதம் அவளுக்குச் சின்னதிலிருந்தே உண்டு. வேறு என்ன சொல்ல. மலர் தைப்பது பெரும்பாலும் வெள்ளை கோட்டுகள். மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் இருப்பதால் புதுசாகச் சேருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கோட்டு வேண்டும். நர்சிங் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் வேண்டும். சேர்க்கை நடக்கிற மாதங்களில் அவளுக்குச் சாப்பிட நேரமிருக்காது, மற்ற மாதங்களில் பிளவுஸும் தலையணை உறையும்தான். ஜிஜினுக்குப் பெட்டி ஆட்டோ. களியக்காவிளை சந்தையிலிருந்து வாழைக்குலையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டுவந்து இந்தப் பக்கத்துக் கடைகளில் இறக்குவான். ஓணத்துக்குக் கை நிறையக் காசு, அடை மழைக்கு வெறுங்கை. இரண்டு பேருடைய வரும்படியும் ஒரே நேரத்தில் உயர்ந்ததும் இல்லை, நல்ல வேளையாக ஒரே நேரத்தில் விழுந்ததும் இல்லை.

கேரள-தமிழ்நாடு எல்லைக்கு அருகே இருப்பதில் உள்ள சௌகரியம் முழுவதையும் மலர் பிழிந்து எடுத்துவிடுவாள். லைனிங் துணி வாங்க மார்த்தாண்டம் போக வேண்டுமென்றால் ஜிஜினுடைய வண்டியில் களியக்காவிளை வரை ஏறிக்கொள்வாள். அங்கிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லாத தமிழ்நாட்டு பஸ். அன்றைக்குக் குழுவில் வாய்ஸ் வரும்: "போக வர டிக்கெட்டுக் காசு மிச்சம். வரவில வையுங்க."

"செலவாகாத காசு எப்பிடியடி வரவாகும்?" என்று ஜிஜின் கேட்பான்.

"அந்தக் காசை நான் மிச்சம் பிடிக்கலன்னா அது எங்க இருந்திருக்கும்?"

"பஸ்காரன் கிட்ட."

"இப்ப எங்க இருக்கு?"

"உனக்க கிட்ட."

"அப்ப வரவுதானே?"

ஆடிட்டரான நான் மூன்று மாதம் யோசித்துப் பார்த்தேன். பதில் கிடைக்கவில்லை. அவள் சொன்னபடியே வைத்துக்கொண்டோம்.

குழுவில் சட்டம் இரண்டே இரண்டு. முந்நூறு ரூபாய்க்கு மேல் எதை வாங்கினாலும் மற்றவர் 'ஓகே' சொல்ல வேண்டும். இது ஒன்று. மாதம் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் தனியாக எடுத்துக்கொள்ளலாம், அதை எதற்குச் செலவழித்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது என்பது இன்னொன்று. இதற்கு மலர் வைத்த பெயர் 'கேக்காத காசு'. ஜிஜினுடைய கேக்காத காசு ஜங்ஷன் தட்டுக்கடையில் பரோட்டாவும் பீஃப் ரோஸ்டுமாக மாறுகிறது என்பது ஊருக்கே தெரியும். மலருடையது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் கூடாது.

மூன்று வருடம் இப்படி ஓடிற்று. அப்புறம்தான் கடைமுறி ஆசை வந்தது, கடை வைக்க ரோட்டோரமாக ஓர் அறை.

வீட்டு முன்னறையில்தான் மெஷின் கிடக்கிறது. காலேஜ் பிள்ளைகள் அளவு கொடுக்க வந்தால் ஜிஜின் முற்றத்துக்குப் போய்விட வேண்டும். சில நாள் பத்துப் பேர் சேர்ந்து வருவார்கள். அவன் சோற்றுத் தட்டோடு வெளியே போய், வண்டியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து சாப்பிட்டு முடிப்பான். "எனக்க வீட்டில எனக்கு விசிட்டிங் டைம் ஆக்கும்" என்று குழுவில் எழுதுவான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில் தங்கப்பன் என்பவருடைய கடைமுறி ஒன்று காலியாயிற்று. ஒரு பக்கம் மருந்துக்கடை, மறு பக்கம் ஜூஸ்கடை. கோட்டு போட வேண்டிய பிள்ளைகள் எல்லாரும் அந்த வழியாகத்தான் நடப்பார்கள். அட்வான்ஸ் நாற்பதாயிரம். மலர் போய்ப் பேசினாள். அதற்கு முந்தின நாள் மொபைல் கடை வைக்க சுதீஷ் என்கிற பையனும் வந்து பேசிவிட்டுப் போயிருந்தான்.

தங்கப்பன் ஒரு சொல் மனுஷர். "அறுப்புப் பண்டிகை ஞாயிறு கழிஞ்சு திங்கக்கிழம காலத்த, ஆரு நாப்பது முழுசா கொண்டு வாறாங்களோ அவங்களுக்கு சாவி. பாதி காசு கொண்டு வந்து பல்லைக் காட்டப்பிடாது" என்றார்.

இருவரும் சேர்த்து வைக்கிற ஜாயிண்ட் அக்கவுண்டில் அப்போது முப்பத்தாறு இருந்தது. பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, மூன்று கோட்டுக்கூலியும் ஒரு லோடு ஏத்தன் வாழைக்காய் ஏற்றிய வாடகையும் சேர்ந்து நாற்பதாயிரத்து இருநூறு ஆயிற்று. மலர் அந்தத் தொகையை வாய்ஸில் சொல்லவில்லை, பாடினாள். பிறகு, "நாளைக்குப் பண்டிகையில ஆளுக்கு கேக்காத காசு மட்டும்தான். கவரில போடுற காணிக்கை எல்லாம் அதுக்குள்ள. அக்கவுண்டைத் தொட்டா கையை வெட்டுவேன்" என்றாள்.

ஜிஜின் 'ஓகே' போட்டான். நானும் போட்டேன், என் கையும் ஆபத்தில் இருப்பது போல.

எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகை என்றால் ஆராதனை முடிந்ததும் முற்றத்துப் பந்தலில் ஏலம். மரச்சீனிக் கிழங்கு, சேனை, வாழைக்குலை, முட்டை, கோழி, ஆட்டுக்குட்டி என்று ஆளாளுக்கு முதல் விளைச்சலைக் கொண்டு வந்து வைப்பார்கள். அதை எல்லாரும் ஏலத்தில் எடுப்பார்கள். சபைக்காரர்கள் மட்டுமல்ல, அக்கம்பக்கத்து இந்துக்களும் வருவார்கள். நல்ல சேனைக்கு மதம் ஏது. எடுத்ததற்குக் காசு கிறிஸ்துமஸுக்கு முன்னால் கொடுத்தால் போதும். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கடன் கிடையாது. அது முதல் தேங்காய்.

ஏலத்தைத் தொடங்கி வைப்பது ஒற்றைத் தேங்காய், உரிக்காதது. கடையோ வண்டியோ வீடோ புதுசாகத் தொடங்குகிறவர் அதை எடுத்தால் காரியம் கைகூடும் என்று ஒரு நம்பிக்கை. அது வேதத்தில் இல்லை என்று மாறி மாறி வந்த போதகர்கள் எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். போதகர்கள் மாறினார்கள், தேங்காயின் விலை இறங்கவில்லை. போன வருடம் ஜேசிபி வாங்கின ஒருவர் ஆயிரத்துச் சொச்சத்துக்கு எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை நாள். காலையில் கோடவுனுக்குப் போகிற வண்டியில் இருக்கும்போது மலரிடமிருந்து எனக்கு மட்டும் தனியாக ஒரு வாய்ஸ்.

"அண்ணா, இன்னைக்கு முதல் தேங்கா நான் எடுக்கப் போறேன். கடைக்கு ஆக்கும். அவிய கிட்ட சொல்லாதீங்க, மூட நம்பிக்கைன்னு களியாக்கிச் சிரிப்பாங்க. நான் கேட்டா தெரிஞ்சு போவும்னு லேகா கிட்ட சொல்லிருக்கேன். என்ன, எழுநூறு எண்ணூறுக்கு நிக்கும். கேக்காத காசில போன மாச மிச்சமும் உண்டு."

லேகா என்பது மலருக்குப் பட்டன் வைத்துக் கொடுக்கிற பெண். நான் 'சரி' என்றேன். எண்ணூறு ரூபாய்க்கு ஒரு மனநிம்மதி கிடைக்குமென்றால் மலிவுதான்.

வண்டியை விட்டு இறங்குவதற்குள் ஜிஜினிடமிருந்து மலையாளத்தில் ஒரு மெசேஜ். அதுவும் தனியாக, மச்சானுக்கு மட்டும். "அளியா, ஒரு ரகசியம். மலருக்க கடைக்காக முதல் தேங்காய் எடுத்துச் சர்ப்ரைஸ் கொடுக்கப் போறேன். நான் நேரில் கேட்டால் அவள் கண்ணாலேயே நிறுத்திவிடுவாள். அதனால் பொன்னையனை ஏற்பாடு செய்திருக்கிறேன். இந்த மாசம் பீஃப் இல்லை, பரவாயில்லை."

பொன்னையன் இன்னொரு பெட்டி ஆட்டோக்காரன். குரல் பெரிசு என்பதற்காகவே ஊரில் பாதிப் பேர் அவனை ஏலம் கேட்க அனுப்புவார்கள்.

இரண்டு ரகசியங்களையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நான் நின்றேன். சொல்லலாமா? ஒருவரிடம் சொன்னால் மற்றவருடைய சர்ப்ரைஸ் போய்விடும். சொல்லாவிட்டால் என்ன நடக்கும், யாராவது ஒருவர் ஆயிரத்தில் விட்டுவிடுவார், அவ்வளவுதானே என்று நினைத்தேன். என் ஆயுசில் நான் இவ்வளவு தைரியமாக இருந்தது அந்த ஒரு காலைதான்.

சபை ஏலத்தை யூடியூபில் லைவாகப் போட்டார்கள். பெயிண்ட் டின்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு போனைச் சாய்த்து வைத்தேன்.

கமிட்டிக்காரர் ஞானதாஸ் தேங்காயை உயர்த்திக் காட்டினார். "முதல் தேங்கா! கர்த்தருக்க முதல் பலன்! அம்பது ரூவா!"

"நூறு!" என்றாள் லேகா, பெண்கள் பக்கத்திலிருந்து.

"இருநூறு!" பொன்னையன். மைக் இல்லாமலே என் போன் ஸ்பீக்கர் அதிர்ந்தது.

இன்னும் நாலைந்து பேர் கேட்டார்கள். எழுநூறு தாண்டியதும் அவர்கள் சிரித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். ஆயிரம் லேகா. ஆயிரத்து இருநூறு பொன்னையன். இப்போது ஒருவர் நிறுத்துவார் என்று காத்திருந்தேன். ஆயிரத்து ஐந்நூறு. இரண்டாயிரம்.

கேமராவைப் பிடித்திருந்தவன் பந்தலைச் சுற்றிக் காட்டினான். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று. பொன்னையனுக்குப் பக்கத்தில், கையில் ஒரு கட்டு மரச்சீனியோடு, மொபைல் கடை சுதீஷ் நின்றுகொண்டிருந்தான். லேகாவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் சுதீஷின் மனைவி ஷாலு. மலர் நாலு வரிசை தள்ளி இருந்து பொன்னையனையும் சுதீஷையும் முறைத்துக்கொண்டிருந்தாள். ஜிஜின் பந்தலுக்கு வெளியே தன் வண்டியருகில் நின்று லேகாவையும் ஷாலுவையும் முறைத்துக்கொண்டிருந்தான். சுதீஷ்தான் ஆள் வைத்துத் தேங்காயைத் தட்டப் பார்க்கிறான், தேங்காய் போனால் கடைமுறியும் போகும் என்று என் தங்கையும் நினைத்தாள், மச்சினனும் நினைத்தான். கெட்டியோனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்பது அவளுடைய உறுதி. கெட்டியோள் கை இறுகியவள் என்பது அவனுடைய உறுதி.

மலருக்குப் போன் அடித்தேன். பையில் சைலண்டில் கிடந்திருக்கும். ஜிஜினுக்கு அடித்தேன். வண்டியில் சார்ஜில் கிடந்திருக்கும். குழுவில் 'நிறுத்துங்கள்' என்று தமிழிலும் மலையாளத்திலும் போட்டேன். லைவ் கமெண்டில், 'பந்தலில் இருப்பவர்கள் தயவுசெய்து ஜிஜினைக் கூப்பிடுங்கள், அவசரம்' என்று எழுதினேன். அதற்கு மேலே 'பஹ்ரைனிலிருந்து வாழ்த்துகள்', கீழே 'ஆமென்', 'இந்த வருஷம் சேனை எப்படி?' யாரோ ஒருவர் என் கமெண்டுக்குக் கைகூப்பின படம் போட்டார்.

"அஞ்சாயிரம்!" லேகா. மலரைத் திரும்பிப் பார்த்தாள். மலர் தலையாட்டினாள்.

"ஆறாயிரம்!" பொன்னையன். ஜிஜினைத் திரும்பிப் பார்த்தான். ஜிஜின் தலையாட்டினான்.

பந்தலில் கைதட்டல். ஞானதாஸுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "தேங்காயா இது, தங்கக் குடமா! கேளுங்க மக்கா, கேளுங்க!" சுதீஷ் வாயைப் பிளந்துகொண்டு மரச்சீனியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. யார் பார்த்தார்கள்?

எட்டாயிரத்து அறுநூறு என்றாள் லேகா. பொன்னையன் மறுபடியும் திரும்பினான். ஜிஜின் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கையை விரித்தான்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

மலர் எழுந்து வந்தாள். லேகாவிடமிருந்து தேங்காயை வாங்கிக்கொள்ளவில்லை, நேரே கமிட்டி மேசைக்குப் போனாள். மேசை மேல் க்யூஆர் அட்டை இருந்தது. கேமரா அப்போது அடுத்த பொருளான சேனையைக் காட்டத் தொடங்கியிருந்தது. ஆனால் திரையின் ஓரத்தில் அவள் குனிந்து போனைக் காட்டுவது எனக்குத் தெரிந்தது. ஜாயிண்ட் அக்கவுண்ட். கையை வெட்டுவேன் என்று சொன்னவளுடைய கை.

அந்த அக்கவுண்டின் மெசேஜ் எல்லாம் ஜிஜினுடைய போனுக்குத்தான் வரும்.

தோற்றுப்போன ஜிஜின் சோர்ந்து வண்டிக்குள் தலையை விட்டுப் போனை எடுத்திருக்கிறான். என்னுடைய விடுபட்ட அழைப்புகள் பதினாறு. அதற்கு மேல் பேங்க் மெசேஜ். அடுத்து நான் திரையில் பார்த்தது, ஒருவன் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சேனைக்குக் குறுக்கே பெண்கள் பக்கம் ஓடியதைத்தான்.

"மலரே! எட்டி மலரே! நம்ம அக்கவுண்டில இருந்து எவனோ காசை அடிச்சு மாத்திட்டான்! எட்டாயிரத்து அறுநூறு! பேங்குக்கு விளி, பிளாக் பண்ணு!"

லைவில் இது தெளிவாகக் கேட்டது. ஞானதாஸ் ஏலத்தை நிறுத்தினார். முற்றம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மலர், காசு கட்டி வாங்கின தேங்காயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜிஜின் தேங்காயைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். போனைப் பார்த்தான்.

"நீயா?" என்றான்.

"நீங்களா?" என்றாள் மலர், பொன்னையனையும் அவனையும் மாறி மாறிப் பார்த்து.

பொன்னையன் எங்கேயோ பார்த்தான். முதலில் சிரித்தது லேகா. அதற்குப் பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்வதுதான் கஷ்டம். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவன் தோஹாவில் இருந்தான். இன்னொருத்தி தேங்காயோடு நின்றாள். நாளைக் காலையில் நாற்பதாயிரம் வேண்டும், கையில் இருப்பது முப்பத்தொன்று சொச்சம்.

சாயங்காலம் குழுவில் வழக்கு தொடங்கிற்று.

"முந்நூறுக்கு மேல ஓகே கேக்கணும்னு சட்டம் வச்சது ஆரு?" ஜிஜின்.

"நீங்க கேட்டியளா?" மலர்.

"நான் கேட்டேன். பொன்னையன் மூலமா. நான் ஒரு தொகை சொன்னேன், நீ அதுக்கு மேல சொன்ன. அப்ப நான் சொன்ன தொகைக்கு நீ ஓகேதானே? நீ சொன்னதுக்கு மேல நான் சொன்னேன். அப்ப நானும் ஓகே. சட்டப்படி ஓகே வாங்கி ஓகே வாங்கித்தான் இது இவ்வளவு தூரம் வந்திருக்கு."

மெஷின் சத்தம் இல்லாத ஒரு வாய்ஸ் வந்தது. அதில் மலர் சிரிக்காமலிருக்க முயல்வது மட்டும் கேட்டது.

நான் மெல்ல எழுதினேன். மீதியை நான் அனுப்பட்டுமா, கடனாக, இந்த ஒரு தடவை மட்டும் என்று.

'நீங்கள் இந்தக் குழுவிலிருந்து நீக்கப்பட்டீர்கள்' என்று போன் காட்டிற்று. அரை மணி நேரம் கழித்துத் திரும்பச் சேர்த்தாள். "ஆடிட்டர் இல்லாம வழக்கு போடதுக்கு ஒரு ரசம் இல்ல" என்று காரணம் சொன்னாள்.

மறுநாள் நடந்ததை மூன்று பேர் வாயால் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் மலரும் ஜிஜினும் தங்கப்பனுடைய கடைமுறிக்கு முன்னால் போய் நின்றார்கள். இருக்கிற காசைக் காட்டி ஒரு வாரம் தவணை கேட்பது என்று திட்டம். தங்கப்பன் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"முப்பத்தொண்ணா? நான் எத்ர சொன்னேன்?"

"நாப்பது."

"நாப்பது சொன்னா நாப்பதாக்கும். தேங்காய்க்குக் காசுண்டு, முறிக்குக் காசில்ல, அல்லியா?" செய்தி அவருக்கும் எட்டியிருந்தது.

அந்த நேரத்தில் சுதீஷும் ஷாலுவும் வந்தார்கள். சுதீஷ் கையில் ஒரு மஞ்சள் கவர். எல்லாம் முடிந்தது என்று மலர் நினைத்தாளாம். சுதீஷ் கவரைத் திறந்து எண்ணிக் காட்டினான். இருபத்திரண்டு.

"பாக்கி?" என்றார் தங்கப்பன்.

"ஷாலுவுக்க வளையலை பேங்கில பணயம் வைக்கப் போறோம். மத்தியானத்துக்குள்ள கொண்டு வாறேன் மாமா."

ஷாலு கையில் கிடந்த வளையலைத் தடவிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். மலர் அதைப் பார்த்தாள். பிறகு திறந்து கிடந்த கடைமுறிக்குள் போனாள். உள்ளே நின்று கையால் சுவரைச் சாண் சாணாக அளந்தாள். அவள் அளக்கத் தொடங்கினால் ஜிஜின் வாயைத் திறக்க மாட்டான்.

"சுதீஷே," என்று கூப்பிட்டாள். "உனக்க கடைக்கு எத்ர இடம் வேணும்?"

"ஒரு கண்ணாடி அலமார அக்கா. நான் உக்கார ஒரு ஸ்டூலு."

"ரோட்டுப் பக்கமா, உள்ளயா?"

"ரோட்டுப் பக்கம்தான். ஆளு பாக்கணும்லா."

"எனக்கு உள்ளதான் வேணும். பிள்ளைகளுக்கு அளவு எடுக்கதுக்கு மறைவு வேணும். நடுவில ஒரு கர்ட்டன் போட்டா?"

சுதீஷ் ஷாலுவைப் பார்த்தான். ஷாலு வளையலிலிருந்து கையை எடுத்தாள்.

"ரெண்டு பேருக்கும் காசு குறைவு," என்றாள் மலர், "ரெண்டு பேருக்கும் முறி பெரிசு. பின்ன என்னத்துக்கு அடிபிடி? அட்வான்ஸ் பாதிப் பாதி. வாடகையும் பாதிப் பாதி."

தங்கப்பன் ஸ்கூட்டரை விட்டு இறங்கிவிட்டார். "ஒரு முறிக்கு ரெண்டு பேரா? நாளைக்கு நீயா நானான்னு நிப்பீங்க. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கல. முதல்ல இதச் சொல்லு, கரண்டு பில்லு ஆரு கெட்டுவா?"

மலரும் ஜிஜினும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அங்கேயே, தங்கப்பனுக்கு முன்னாலேயே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று மற்ற மூவருக்கும் புரியவில்லை.

"அதுக்கு எங்க கிட்ட குரூப்பு உண்டு மாமா" என்றான் ஜிஜின்.

நாற்பதாயிரம் முழுசாக, இரண்டு பையிலிருந்து, ஒரே கையில் வந்தது. சொன்ன சொல்லில் பிழையில்லாததால் தங்கப்பன் சாவியைக் கொடுத்தார். பல்லை யாரும் காட்டவில்லை என்பதையும் கவனித்திருப்பார்.

அன்றைக்கே 'கடைமுறி' என்று இரண்டாவது குழு. அதிலும் என்னைச் சேர்த்தார்கள். சம்பளமில்லாத ஆடிட்டருக்குப் பதவி உயர்வு. சுதீஷின் முதல் மெசேஜ்: 'பிளக் பாயிண்ட் வைக்க இருநூற்றைம்பது, ஓகேயா அக்கா?'

மலரின் வாய்ஸ்: "முந்நூறுக்குக் கீழ கேக்க வேண்டாம் மக்கா. ஆனா கேட்டது நல்லாருக்கு."

ஒரு கணக்கு மட்டும் பாக்கி இருந்தது. எட்டாயிரத்து அறுநூறை எந்தத் தலைப்பில் வைப்பது என்று வீட்டுக் குழுவில் கேட்டேன். சமையலா, கடையா, காணிக்கையா? இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பதில் போட்டார்கள். கேக்காத காசு. அடுத்த பண்டிகை நெருங்குகிற வரை ஆளுக்கு மாதம் ஐந்நூறு கிடையாது, அக்கவுண்டுக்குத் திரும்பப் போகும். ஜிஜின் பீஃப் படம் ஒன்றைப் போட்டு அதற்குக் கீழே கண்ணீர் விடுகிற முகம் போட்டான். மலருடைய காசு இத்தனை நாள் எங்கே போயிற்று என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மாதா மாதம் மீந்ததைச் சேர்த்து ஜிஜினுடைய வண்டிக்கு நல்ல மழைத் தார்ப்பாய் வாங்க, கடையில் தவணையாகக் கட்டி வந்தாளாம். அதை அவளாகவே சொன்னாள். நாங்கள் கேட்கவில்லை.

தேங்காய் இப்போது கடையில் கர்ட்டனுக்கு மேலே உள்ள தட்டில் இருக்கிறது. முளை விட்டிருக்கிறது. கோட்டு தைக்க வருகிற பிள்ளைகள் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்க்கிறார்களாம். எட்டாயிரத்து அறுநூறு ரூபாய்த் தேங்காய் இருக்கிற கடை என்றால் ஆட்டோக்காரர்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் பார்க்க வந்து போன் கவர் வாங்கிப் போகிறார்கள், மீதிப் பேர் அளவு கொடுத்துப் போகிறார்கள். இதை வரவில் வைக்கலாமா என்று மலர் கேட்டிருக்கிறாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருடப் பண்டிகை வருகிற மாதம். நேற்று ஜிஜின் குழுவில் எழுதினான்: 'அளியா, இந்தத் தடவை லைவ் பார்க்கும்போது பயப்படாதீங்க. போன் முழு நேரமும் எனக்க கையில இருக்கும்.'

அடுத்த நொடியே மலரின் வாய்ஸ்: "எதுக்கு? ஏலம் கேக்கதுக்கா?"

'ஜிஜின் டைப் செய்கிறார்' என்று திரை காட்டிக்கொண்டே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் இப்போதே லீவு கேட்டுவிட்டேன்.